நடுவில் இறங்கியவை

கிழக்கே கப்பல்.
மேற்கே குப்பைமேடு.
நடுவில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
மூன்றாம் மாடியில் எனக்கு ஒன்றரை அறை.

வேலை, கன்டெய்னர் யார்டில் கேட் என்ட்ரி.
நான்கு எழுத்து, ஏழு எண்.
ஒரு ஷிப்டுக்கு முந்நூறு முறை தட்டுகிறேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.
பொம்மையாக இருக்கும். மின்விசிறியாக இருக்கும்.
வெளியே எண்ணூர் சாலையில் லாரிகள்
மண்ணெண்ணெய் க்யூவைப்போல
நகராமல் நிற்கும்.

வீட்டு ஜன்னலைத் திறந்தால்
கொடுங்கையூர்ப் பக்கம் அந்த மலை.
கோடையில் தானாகப் புகையும்.
ஒருநாள் துணி காயப்போடும்போதுதான் உறைத்தது:
காலையில் நான் எண் போட்டு உள்ளே விட்டதெல்லாம்
என்றைக்காவது அங்கே போய்ப் படுக்கும்.
போகிற வழியில்
கொஞ்சநாள் நம் வீடுகளில் தங்குகிறது,
லாட்ஜில் ரூம் போட்டதுபோல.

அதற்காக நான் ஒன்றும்
சாமியார் ஆகிவிடவில்லை.
முதலில் செய்தது, செத்துப்போன டேபிள் ஃபேனைத்
தூக்கிக்கொண்டு நடந்தது மட்டும்தான்.
"ஆஃபர்ல புதுசே ஆயிரத்து முந்நூறு" என்றாள் கிறிஸ்டில்டா,
என் பக்கத்து கம்ப்யூட்டர்.
தேசிங்கு அதன் முதுகைத் திறந்தார்.
பல்லி முட்டை இரண்டு, தூசு ஒரு கைப்பிடி.
"கன்டென்சர் பூட்ச்சி, வேற ஒண்ணும் இல்லக்கா.
இது உன்ன அனுப்பி வச்சிட்டுதான் போவும்."
எழுபது ரூபாய்.

அன்று ராத்திரி ஃபேன் சுற்றியது.
அதன் எதிரில் உட்கார்ந்து,
குழந்தை முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்ததைப்
பார்க்கிறவளைப்போல
சிரித்துக்கொண்டே இருந்தேன்.
யாராவது பார்த்திருந்தால்
மானம் போயிருக்கும்.

அப்புறம் பழகிவிட்டது.
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வாங்க
டப்பா எடுத்துப்போகிறேன்.
சூப்புக்குத் தனியாக ஒரு தூக்கு.
கவர் கட்டும் பையன் முதல் வாரம் முறைத்தான்.
இப்போது தூரத்தில் கண்டாலே
"டப்பாக்கா வந்துச்சு, முட்டை சேத்துப் போடு" என்கிறான்.
பதினெட்டு வருஷமாக இந்த ஊரில்
யாரும் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை.

காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம்
மொட்டைமாடி பெயின்ட் வாளியில்.
நாறுகிறதென்று ஹவுஸ் ஓனரம்மா
மூன்று முறை மூச்சிரைக்க ஏறிவந்து கத்தினார்.
மூன்றாம் முறை மட்டும்
தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுக் கத்தினார்.
ஆவணி மழையில், யாரும் விதைக்காத பூசணி ஒன்று
வாளி விளிம்பில் தலையைப் போட்டுப் பார்த்தது.

மார்கழியில் ஒரு விடிகாலை,
நைட் ஷிப்டு முடிந்து வருகிறேன்.
வாசலில் கோலம். நடுவில் சாணி உருண்டை.
அதன்மேல் மஞ்சளாக என் பூ.
அவர் கேட்டுப் பறிக்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.
மறுவாரம் வாளிக்குள்
நான் வாங்காத முருங்கைக்கீரையின் காம்பு கிடந்தது.

மலை குறைந்ததா?
கணக்குப் போடுவது என் பிழைப்பு, போட்டுப் பார்த்தேன்.
வருஷம் முழுக்க நான் மிச்சம் பிடித்தது
ஒரு குப்பை லாரியின் ஒரு மூலைக்குக் காணாது.
போன மாதம் எம்.சி. ரோட்டில்
தேவையே இல்லாமல் ஒரு புடவை வாங்கினேன்.
நீலம். தள்ளுபடி.
அதற்கும் வருத்தமில்லை. நல்ல நீலம்.

இன்றைக்குக் கேட் போட்டிருக்கிறார்கள்.
கன்டெய்னர் ரயில், அவசரமே இல்லாமல் போகிறது.
பழக்கதோஷத்தில் வாய் எண்களை முணுமுணுக்கிறது.
நான்கு எழுத்து, ஏழு எண்.
நான்கு எழுத்து, ஏழு எண்.
வயிற்றோடு அணைத்த டப்பா சுடுகிறது.
பைக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.
நாற்பத்தைந்து பெட்டி எண்ணினேன்.
ஒன்றிலும் எனக்கென்று எதுவும் வரவில்லை.

மூடியைக் கொஞ்சமாகத் திறந்து
ஒரு துண்டு பேஜோவை எடுத்துக் கடிக்கிறேன்.
மொறுமொறுவென்று இருக்கிறது.